இருபத்துநான்கு கண்கள், ஒரு பெட்டி

2020இல் சில நாட்கள் செந்தோசாவின் கடற்கரைகளில் யாரும் கடலில் இறங்க வேண்டாம் என்று அறிவித்தார்கள். பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகளால் வீட்டுக்குள் கிடந்து அலுத்துப்போன ஊர் இது. கடற்கரையாவது இருக்கிறதே என்று கிளம்பியவர்களுக்கு அதுவும் போயிற்று. காரணம், கரையோர நீரில் பெட்டி ஜெல்லிமீன்கள் தென்பட்டன. தோ பாயோவில் எம்ஆர்டி ஏறி, டோபி காட்டில் வண்டி மாறி, ஹார்பர்ஃபிரண்டில் இறங்கினால் எதிரே தெரிவது செந்தோசா. நீச்சல் வளாகத்தில் குளோரின் வாசனையோடு நீந்தப் பழகிய எங்கள் வட்டாரப் பிள்ளைகளுக்கு முதல் கடல் பெரும்பாலும் அதுதான். அங்கே உலகின் மிகக் கொடிய நஞ்சு கொண்ட உயிரினங்களுள் ஒன்றும் நீந்துகிறது என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

ஆனாலும் அது சும்மா வந்துபோன விருந்தாளி அல்ல என்று பின்னால் தெரிந்தது. செந்தோசாக் கடலில் பிடிபட்டவற்றைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ந்தார்கள். முதல் பார்வைக்கு அது ஒக்கினாவாவிலும் பிலிப்பீன்ஸிலும் வாழும் கைரோனெக்ஸ் யமகுச்சியைப் போலவே இருந்தது. உடலின் அடி விளிம்பில் உள்ள மடிப்புகளையும் அவற்றில் ஓடும் நுண்ணிய கால்வாய்களையும் ஒப்பிட்டு, மரபணுவையும் பார்த்த பிறகுதான் இது வேறு இனம் என்று உறுதியாயிற்று. வைத்த பெயர் கைரோனெக்ஸ் பிளாக்காங்மாத்தி. செந்தோசாவுக்குச் சுற்றுலாப் பெயர் வருவதற்கு முன்பு இருந்த பெயர் புலாவ் பிளாக்காங் மாத்தி. ஊரின் பெரியவர்கள் சிலர் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். தாய்லாந்து வளைகுடாவிலிருந்து 2017இல் விவரிக்கப்பட்ட கைரோனெக்ஸ் இந்திரசக்சஜியேயும் சிங்கப்பூர் நீரில் இருப்பது அதே ஆய்வில் பதிவானது. கைரோனெக்ஸ் என்ற பேரினத்தில் இதுவரை பெயர் பெற்ற இனங்களே நான்குதான். அவற்றில் இரண்டு நம் வாசலில்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அதன் வரிசை. இங்கே விலங்கு முதலில் கண்ணில் பட்டது. எச்சரிக்கையும் பெயரும் பின்னால் வந்தன. மற்ற இடங்களில் இந்தக் குடும்பத்தோடு மனிதருக்கு ஏற்பட்ட அறிமுகம் நேர்மாறானது. காயம் முதலில் வரும். குற்றவாளி யார் என்று தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

ஆஸ்திரேலியாவின் வடக்குக் கரையில் 1883 முதல் அறுபதுக்கும் மேற்பட்டோர் இப்படி இறந்திருக்கிறார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் நிற்பவர் திடீரென்று அலறுவார். கரைக்கு ஓடி வருவார். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். காலில் சவுக்கால் அடித்தது போன்ற தழும்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். தண்ணீரில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. உடம்பு நீரின் நிறத்திலேயே இருக்கும் விலங்கை யார் பார்ப்பது? பழி பெரும்பாலும் நீலச் சொறி என்ற மிதக்கும் கடலுயிருக்குப் போனது. கேர்ன்ஸ் நகரத்து மருத்துவர் ஹியூகோ ஃபிளெக்கர் மட்டும் அதை நம்பவில்லை. தழும்புகளின் குறிப்புகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

1955 ஜனவரி 20 அன்று கார்ட்வெல் என்ற சிற்றூரின் கரையோரத்தில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். செய்தி கிடைத்ததும் ஃபிளெக்கர் போலீசாரிடம் சொன்னார்: அந்த இடத்தைச் சுற்றி வலை போடுங்கள், கிடைப்பதையெல்லாம் எடுத்து வையுங்கள். வலையில் சிக்கியவற்றுள் ஒன்று யாருக்கும் அடையாளம் தெரியாதது. மணி வடிவமாக இல்லாமல் நான்கு பக்கங்களோடு சதுரமாக இருந்தது. நான்கு மூலையிலிருந்தும் கொத்துக் கொத்தாக உணர்விழைகள் தொங்கின. அடிலெய்டில் இருந்த ரொனால்ட் சவுத்காட்டுக்கு அனுப்பினார். அவர் அதைப் புதிய பேரினம் என்றே அறிவித்து, பெயரில் ஃபிளெக்கரையும் சேர்த்தார்: கைரோனெக்ஸ் ஃபிளெக்கேரி. ஃபிளெக்கர் 1957இல் மறைந்தார். தேடியது கிடைத்ததைப் பார்க்கும் அளவுக்கு மட்டும் அவருக்குக் காலம் இருந்தது.

அவர் விட்டுப்போன இன்னொரு புதிர் இருந்தது. சிலருக்குக் கடலில் ஏதோ சுருக்கென்று பட்டது போல இருக்கும், தழும்பே இராது. அரைமணி கழித்து முதுகைப் பிளக்கும் வலி, வாந்தி, வியர்வை, ஏறிக்கொண்டே போகும் இரத்த அழுத்தம். அதோடு, சாகப்போகிறோம் என்ற அசைக்க முடியாத நிச்சயம். கேர்ன்ஸ் பக்கத்துப் பூர்வகுடிகளின் பெயரால் இதற்கு இருகாண்ட்ஜி என்று ஃபிளெக்கர் 1952இல் பெயர் வைத்திருந்தார். அதற்குக் காரணமான விலங்கைத் தேடிப் பிடித்தவர் ஜாக் பார்ன்ஸ் என்ற மருத்துவர். கட்டைவிரல் நுனி அளவே உள்ள ஒரு சின்னப் பெட்டி ஜெல்லிமீனை 1961இல் பிடித்தார். இதுதானா என்று உறுதிசெய்யத் தன் மேலேயே கொட்டவிட்டுப் பார்த்தார். அதோடு நிற்கவில்லை, உடன் இருந்த உயிர்காப்பாளர் இளைஞர் ஒருவருக்கும், தன் ஒன்பது வயது மகனுக்கும் கொட்டவிட்டார். மூவரும் மருத்துவமனையில் போய் விழுந்தார்கள். மூவரும் பிழைத்தார்கள். அந்த விலங்குக்கு இன்று காருகியா பார்னேசி என்று பெயர். அறிவியல் வரலாற்றில் இதைத் துணிச்சல் என்று எழுதுவது வழக்கம். மகன் விஷயத்தில் எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

சரி, அது எப்படிக் கொட்டுகிறது? கொட்டுவது என்று நாம் சொன்னாலும் தேளுக்கும் குளவிக்கும் உள்ளது போன்ற கொடுக்கு ஏதும் இதற்கில்லை. உணர்விழையின் மேற்பரப்பு முழுக்கக் கொட்டும் உயிரணுக்கள் லட்சக்கணக்கில் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு நுண்ணிய உறை. உறைக்குள் சுருட்டி வைத்த, உள்பக்கம் வெளிப்பக்கமாக மாறிக் கிடக்கும் குழல். குழலைச் சுற்றி நஞ்சு. சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி உள்ளே இழுபட்டுக் கிடக்குமே, அப்படி. உரிய தூண்டல் கிடைத்ததும் அந்தக் கை வெளியே பாய்கிறது. உறைக்குள் அழுத்தம் சுமார் 150 பார். காரின் டயரில் இருப்பதைப்போல் அறுபது எழுபது மடங்கு.

வேகத்தை அளந்திருக்கிறார்கள். ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2006இல் ஜெல்லிமீனின் நன்னீர் உறவான ஹைட்ராவின் கொட்டும் உயிரணுவை நொடிக்குப் பத்து லட்சம் படங்களுக்கும் மேல் எடுக்கும் கேமராவில் பிடித்தார்கள். முனை வெளியே பாய்ந்து தைக்க எடுத்துக்கொண்ட நேரம் 700 நானோநொடி. ஒரு நொடியைப் பத்து லட்சமாகக் கூறு போட்டால் கிடைக்கும் ஒரு கூறு கூட முழுசாக ஆகவில்லை. அந்தக் கணத்தின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 50 லட்சம் மடங்குக்கும் மேல். உயிரினங்களின் உடலில் நாம் அறிந்த அசைவுகளிலேயே மிக விரைவானவற்றுள் இது ஒன்று. அதைச் செய்வது எலும்போ தசையோ இல்லாத, தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தண்ணீரான உடம்பு.

இதற்கு மூளையின் ஆணையும் தேவையில்லை. தொடுகையும், மீன்தோலிலோ மனிதத்தோலிலோ உள்ள வேதிப்பொருள்களின் சுவையும் சேர்ந்தால் போதும், அந்த உயிரணுவே தானாக முடிவெடுத்துக்கொள்ளும். அதனால்தான் கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் ஜெல்லிமீனும், அலையில் அறுந்து மிதக்கும் ஒற்றை இழையும்கூடக் கொட்டும். மணலில் கண்ணாடித் துண்டு போலக் கிடப்பதைக் குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு அதே குச்சியைக் கையில் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

உள்ளே போன நஞ்சு உயிரணுக்களின் சவ்வில் துளைகளைப் போடுகிறது. சிவப்பணுக்களில் துளை விழுந்தால் உள்ளிருக்கும் பொட்டாசியம் இரத்தத்தில் கொட்டும். பொட்டாசியம் அளவு மீறினால் இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். மரணம் இரண்டே நிமிடத்திலும் வரலாம், ஐந்து நிமிடத்திலும் வரலாம். இவ்வளவு கடுமை எதற்கு? மனிதனைக் கொல்வதில் அதற்கு ஒரு லாபமும் இல்லை. நாம் அதன் உணவல்ல. விடை அதன் உடம்பில் இருக்கிறது. ஃபிளெக்கேரி வளர்ந்த பிறகு மீனைத் தின்கிறது. துள்ளித் துடிக்கும் மீன் ஒன்று இழைகளுக்கு நடுவே இரண்டு நொடி உயிரோடு இருந்தாலும் அந்த மெல்லிய உடல் கிழிந்துபோகும். ஆகவே பட்டதும் சாக வேண்டும். இளமையில் இறாலைத் தின்னும் பருவத்தில் அதன் நஞ்சின் கலவையே வேறு. மீன் உணவுக்கு மாறும்போது நஞ்சும் மாறுகிறது. மூன்று மீட்டர் வரை நீளும் அறுபது இழைகள், மீனுக்காக அளந்து தயாரித்த நஞ்சு. குறுக்கே போவது நம் கால்.

இதுவரை சொன்னது ஆயுதம். ஆனால் பெட்டி ஜெல்லிமீனை மற்ற ஜெல்லிமீன்களிலிருந்து பிரிப்பது ஆயுதம் அல்ல, கண். சாதாரண ஜெல்லிமீன் நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். இது போகும் திசையைத் தானே முடிவு செய்கிறது, சதுர உடலைச் சுருக்கி நீரை உதைத்து நீந்துகிறது, திரும்புகிறது, தடைகளை விட்டு விலகுகிறது. அதன் நான்கு பக்கங்களிலும் சிறு குழிக்குள் ஒரு காம்பு தொங்குகிறது. ஒவ்வொரு காம்பிலும் ஆறு கண்கள். மொத்தம் இருபத்துநான்கு. ஒவ்வொரு காம்பிலும் ஒரு ஜோடி வெளிச்சத்தின் அளவை மட்டும் அறியும் எளிய குழிகள். இன்னொரு ஜோடி பிளவு போன்றவை. மிச்சமுள்ள இரண்டும் லென்ஸ் உள்ள கண்கள், விழித்திரையோடு. ஆக, நம் கண்ணின் அமைப்புக்கு நெருங்கிய எட்டுக் கண்கள், தலையே இல்லாத ஒரு விலங்கில்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான்-எரிக் நீல்சன் குழு 2005இல் டிரிபெடாலியா சிஸ்டோஃபோரா என்ற, விரல்நகம் அளவுள்ள பெட்டி ஜெல்லிமீனின் லென்ஸைச் சோதித்தது. லென்ஸின் தரம் அபாரம். பிம்பத்தைக் கூர்மையாகக் குவிக்கிறது. ஆனால் குவியும் இடம் விழித்திரையில் இல்லை, அதற்கு வெகு பின்னால் இருக்கிறது. நல்ல லென்ஸைச் செய்துவிட்டுத் தவறான இடத்தில் வைத்த கதையா? இல்லை. மங்கலான பிம்பத்தில் மிதக்கும் தூசும் துணுக்கும் மறைந்துவிடுகின்றன. பெரிய, அசையாத உருவங்கள் மட்டும் மிஞ்சுகின்றன. அந்த விலங்குக்கு வேண்டியதும் அவைதான். அது வாழ்வது சதுப்புநிலக் காட்டில். வேர்களுக்கு இடையே வெயில் விழும் கற்றைகளில் கூடும் நுண்ணிய ஓட்டுயிர்கள் அதன் உணவு. வேர் எங்கே என்று தெரிந்தால் போதும்.

மேல் லென்ஸ் கண் இன்னும் விசித்திரம். காம்பின் நுனியில் கனமான படிகம் ஒன்று உண்டு. விலங்கு தலைகீழாகப் புரண்டாலும் அந்தக் கனம் காம்பை நேராக்கிவிடும். மேல் கண் எப்போதும் வானத்தைத்தான் பார்க்கும். தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வெளியுலகம் ஒரு வட்டத்துக்குள் அடங்கித் தெரியும். அந்த வட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் பார்வை அகலம் இந்தக் கண்ணுக்கு. அதில் அது பார்ப்பது மரங்களின் இலைக்கூரையை. போர்ட்டோ ரிக்கோவின் காயலில் ஆண்டர்ஸ் கார்ம் குழு செய்த சோதனையில், காட்டின் ஓரத்திலிருந்து எட்டு மீட்டர் வரை தள்ளிக்கொண்டு போன ஜெல்லிமீன்களும் இலைக்கூரை தெரியும் திசை நோக்கியே நீந்தின. அதற்கும் அப்பால் போனதும் திசை தடுமாறியது. கடல்வாழ் உயிர் ஒன்று மரத்தைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறது.

கற்றுக்கொள்ளவும் செய்கிறது. யான் பீலெக்கியும் கார்மும் 2023இல் வெளியிட்ட ஆய்வில், வட்டமான தொட்டியின் சுவரில் வெள்ளையும் சாம்பலுமாகப் பட்டைகள் தீட்டினார்கள். சாம்பல் பட்டை விலங்கின் கண்ணுக்குத் தூரத்தில் உள்ள வேர் போலத் தெரியும். முதலில் ஜெல்லிமீன்கள் தூரம்தானே என்று போய்ச் சுவரில் முட்டின. ஏழரை நிமிடங்களுக்குள் சுவருக்கும் தங்களுக்கும் இடையே வைத்துக்கொண்ட இடைவெளி ஏறத்தாழ ஐம்பது விழுக்காடு கூடியது, முட்டல்கள் பாதியாகின. முட்டியதையும் கண்டதையும் இணைத்துக்கொண்டு நடத்தையை மாற்றிக்கொண்டன. மைய மூளை கிடையாது. ஒவ்வொரு காம்பிலும் ஏறத்தாழ ஆயிரம் நரம்பணுக்கள், அவ்வளவே. கற்க மூளை வேண்டும் என்று பாடப்புத்தகம் எழுதியவர்கள் அந்த வரியைத் திருத்த வேண்டியிருக்கும்.

ஃபிளெக்கேரி பிறக்கும் இடம் ஆற்று முகம்தான். அதன் வாழ்வில் நாம் காணாத பாதி ஒன்று உண்டு. முட்டையிலிருந்து வரும் குஞ்சு ஒரு கல்லின் அடியில் ஒட்டிக்கொண்டு மிகச் சிறிய தண்டு போல் உட்கார்ந்துவிடும்; பருவம் வரும்போது அதுவே உருமாறி நீந்தும் ஜெல்லிமீனாகும். வடக்கு ஆஸ்திரேலியாவின் கழிமுகங்களில் கற்களைப் புரட்டிப் புரட்டி இதைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் ஹார்ட்விக், 1991இல் எழுதினார். மழை வந்து ஆறு பெருகினால் இளசுகள் கடலுக்கு அடித்துவரப்படும்.

தோ பாயோவும் 1960களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள் எழும்பும் முன் சதுப்பும் தோட்டமுமாகக் கிடந்த நிலம். இங்கே பெய்யும் மழை இன்றும் காலாங் ஆற்றில்தான் சேர்கிறது. ஆனால் 2008இல் மரினா அணை வந்ததிலிருந்து அந்த ஆறு முன்போல் நேராகக் கடலில் கலப்பதில்லை. உப்புநீர் மேலே ஏறி வருவதும் இல்லை. கழிமுகம் என்பதே குடிநீர்த் தேக்கமாகிவிட்டது. நீச்சல் வளாகத்துக்கும் காலாங் கரைக்கும் போகிறவர்கள் கவலைப்பட ஒன்றுமில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கவலை தெற்குத் தீவுகளில் இருக்கிறது. அங்கே நீர் கலங்கல். இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் கை தெரியாது. கண்ணாடி உடம்புக்காரருக்கு அதைவிட வசதியான மறைவிடம் இல்லை.

தமிழ்நாட்டுக் கரையில் மீனவர்கள் சொறி என்று சொல்வது பெரும்பாலும் வேறு வகைகளை. அவை பட்டால் அரிப்பும் எரிச்சலும் தடிப்பும் வரும். உயிர் போவது அரிது. சென்னைக் கடற்கரையில் மழைக்காலத்தில் ஊதா பலூன் போலக் கரையொதுங்கும் நீலச் சொறியோ ஜெல்லிமீனே அல்ல. பல சிற்றுயிர்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொண்டு ஒன்றாக வாழும் கூட்டம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் உள்ளிழுக்கும் வழியில் ஜெல்லிமீன்கள் குவிந்து குளிர்ச்சியமைப்பை அடைப்பது ஒரு காலத்தில் தனி ஆய்வுக்கு உரிய தலைவலியாகவே இருந்தது. இன்னொரு வகையை உப்பும் படிகாரமும் போட்டு உலர்த்தி ஏற்றுமதி செய்கிறார்கள். சீனர் கல்யாண விருந்தின் முதல் தட்டில் எள்ளெண்ணெய் வாசத்தோடு நறுக் நறுக்கென்று கடிபடுமே, அது.

கொட்டிவிட்டால் என்ன செய்வது? நம் வாட்ஸ்அப் குழுக்களில் உலாவும் வைத்தியங்களில் பாதி ஆபத்தானவை. மூத்திரம் ஊற்றுவது உதவாது. குடிநீர் பாட்டிலைத் திறந்து கழுவவே கூடாது. நன்னீர் பட்டால் இன்னும் வெடிக்காத உறைகள் வெடிக்கும். துண்டால் தேய்ப்பதும் மணலால் உரசுவதும் அதே வேலையைச் செய்யும். பெட்டி ஜெல்லிமீனுக்கு உரியது வினிகர், சமையலறையில் இருக்கும் அதே வினிகர்தான். அரை நிமிடமாவது தாராளமாக ஊற்ற வேண்டும். அது வெடிக்காத உறைகளை முடக்கிவிடும் என்று ஹார்ட்விக்கும் உடன் இருந்தவர்களும் 1980இல் காட்டினார்கள். குவீன்ஸ்லாந்தின் கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் தொங்குவது அதனால்தான். ஆனால் ஏற்கெனவே உள்ளே போன நஞ்சை வினிகர் ஒன்றும் செய்யாது, வலியும் குறையாது. ஆள் மயங்கி மூச்சு நின்றால் வினிகர் பாட்டிலைத் தேடி ஓடுவதை விட்டு, 995ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். எதிர்நஞ்சு 1970 முதலே ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஆனால் முதல் ஐந்து நிமிடத்தை நடத்த வேண்டியவர் பக்கத்தில் நிற்பவர்தான். தோ பாயோ சமூக மன்றம் போன்ற இடங்களில் உயிர்மீட்புப் பயிற்சி கிடைக்கும்போது விண்ணப்பித்துவிடுவது நல்லது.

கொட்டாமல் தடுப்பதற்கு வழி எளிது, கொஞ்சம் வேடிக்கையும்கூட. ஆஸ்திரேலிய உயிர்காப்பாளர்கள் ஒரு காலத்தில் பெண்கள் அணியும் நைலான் காலுறைகளை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள்: ஒன்று கால்களுக்கு, இன்னொன்றை வெட்டித் தலைவழியே கைகளுக்கு. தசைபிடிப்பான ஆண்கள் அந்தக் கோலத்தில் ரோந்து வரும் படங்களைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. ஆனால் அது வேலை செய்தது. நைலானில் தோலின் வேதிச்சுவை இல்லை. இழை உரசிக்கொண்டு போனாலும் பெரும்பாலான உறைகள் வெடிப்பதில்லை. இன்று செந்தோசாவில் வெயிலுக்குப் பயந்து பிள்ளைகளுக்கு மாட்டிவிடும் முழுக்கை நீச்சலுடையும் அதையே செய்யும். கால் மட்டும் திறந்திருக்கும். முழுக்கால் உடையாக வாங்கிவிட்டால் தொல்லை இல்லை.